கைதூக்கிச் சாமியின் வாசற்கால்

"கைதூக்கிச் சாமி எறங்கு! கைதூக்கிச் சாமியெல்லாம் எறங்கு!"

சைதாப்பேட்டைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் பெட்ரோல் பஞ்சத்தில் கரி எரித்து ஓடிய பஸ் இருமிக்கொண்டு நிற்கும்போதெல்லாம் கண்டக்டர் துரைராஜ் இப்படித்தான் கூவினான். அந்த நிறுத்தத்துக்கு வேறு ஒரு பெயர் இருந்தது. 1946-ஆம் வருஷக் கோடையில் அது யாருக்கும் ஞாபகமில்லை. வெள்ளிக்கிழமைகளில் பஸ்ஸில் வந்தவர்களில் பாதிப் பேர் அங்கேதான் இறங்கினார்கள். ஒருவருக்குக் கை தொங்கும். ஒருவருக்குத் தோள் கோணியிருக்கும். இன்னொருவர் கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு சேர்ந்து திரும்புவார். எல்லோருடைய கக்கத்திலும் ஒரு துணிப் பொட்டலம் இருக்கும். நான்கு கெஜம், சிவப்பு, புதுசு.

துணிக்குக் கண்ட்ரோல் இருந்த காலம் அது. கல்யாணப் பெண்ணுக்கே கூப்பனைக் காட்டித்தான் சேலை வாங்க வேண்டும். அப்படிப்பட்ட ஊர், கைதூக்கிச் சாமி என்ற வைத்தியச் சாமியாருக்கு மட்டும் வாரத்துக்கு ஒரு ஜவுளிக்கடையைத் தூக்கிக் கொடுத்தது. நான்கு கெஜத்தில் ஒரு கெஜம் நோயாளியின் கையைக் கட்டுவதற்கு. மூன்று கெஜம் தெய்வத்துக்கு. தெய்வத்துக்கு இத்தனை துணி எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் கை கறுத்துவிடும் என்று சாமி சொல்லியிருந்தார்.

ஆற்றங்கரையில் கீற்றுக் கொட்டகை. அதன் நடுவே ஒரு வாசற்கால். வீடு இல்லை, சுவர் இல்லை, கதவும் இல்லை. வாசல் மட்டும் நின்றது. மஞ்சளும் காவியும் அப்பி, மாலை போட்டு வைத்திருந்தார்கள். அந்த மரத்தின் பூர்விகம் கேட்கிறவரைப் பொறுத்து மாறும். மயிலாப்பூர்க்காரர் கேட்டால் பழைய கோயில் தேரின் மரம். சாந்தோம்காரர் கேட்டால் தோமையார் கடலிலிருந்து இழுத்துப்போட்ட கட்டையில் மிச்சம். பாய் யாராவது கேட்டால் நாகூர் ஆண்டவர் கரைசேர்த்த கப்பலின் பாய்மரம். ஒரே மரம் தெருவிலும் ஓடியது, கடலிலும் மிதந்தது, காற்றிலும் பறந்தது. மூன்று வேதத்தையும் சேர்த்து அந்த மனிதர் ஒரே கட்டையில் அறைந்து வைத்திருந்தார்.

வைத்தியம் எளிது. நோயாளி வாசலுக்குள் நிற்க வேண்டும். இரண்டு கைகளையும் தொங்கவிட்டு, புறங்கையால் இரண்டு பக்கத்து மரத்தையும் அழுத்தித் தள்ள வேண்டும்.

"தள்ளு தாயே! உள்ளே இருக்கிற பீடையை மரத்துக்குள்ளே தள்ளு! நிறுத்தாதே!"

ஒருவன் உடுக்கை அடிப்பான். சாமி நூறு எண்ணுவார். "வெளியே வா!" என்பார். நோயாளி ஓரடி முன்னால் வைப்பார். அவ்வளவுதான். தொங்கிக் கிடந்த கைகள், நூல் கட்டி இழுத்ததுபோலத் தாமாகவே மேலே எழும்பும். தூக்குகிறவருக்கே தெரியாது, யார் தூக்குகிறார்கள் என்று. கூட்டம் அலறும். அழுகையும் குலவையும் 'அல்லாஹ்'வும் 'ஆண்டவரே'யும் ஒன்றாகக் கிளம்பும். அந்த அலறல் அடங்குவதற்குள் சாமி நோயுற்ற கையை மார்போடு சேர்த்துச் சிவப்புத் துணியால் இறுக்கிக் கட்டிவிடுவார்.

"இருபத்தொரு நாள் அசைக்காதே. அசைத்தால் தெய்வம் இறங்கிப் போய்விடும்."

இருபத்தொரு நாளும் ஒரு மனிதர் கையை அசைக்காமல் தூங்கி எழ முடியுமா? முடியாது. அது சாமிக்கும் தெரியும்.

அந்தக் கூட்டத்தில் லூயிசா டீச்சரும் இருந்தாள் என்பதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.

லூயிசா முட்டாள் அல்ல. சாந்தோமில் ஒரு பெண்கள் பள்ளியில் பதினாறு வருஷமாகக் கணக்குப் பாடம் எடுப்பவள். கணவன் இறந்த பிறகு அந்தச் சம்பளம் ஒன்றுதான் அவளுக்கு அடுப்பு எரித்தது. ஜனவரி மாதம் கச்சேரி ரோட்டில் ரிக்ஷாச் சக்கரம் பள்ளத்தில் இறங்க, அவள் தெருவில் விழுந்தாள். வலது கையில் தோளுக்குச் சற்றுக் கீழே எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். ஆறு வாரத்தில் எலும்பு சேர்ந்தது. கைதான் மேலே போகவில்லை.

"எலும்பு சரியாப் போச்சு. இனிமே கையை ஆட்டணும். தினமும் வந்து பயிற்சி செய்யுங்க" என்றார் டாக்டர்.

ஒருநாள் போனாள். வலியில் கண்ணீர் வந்தது. மறுநாளிலிருந்து போகவில்லை. வலிக்கிற வைத்தியம் கெட்ட வைத்தியம், வலிக்காததே நல்லது என்று நினைத்தாள். அவளைக் குறை சொல்லுமுன் நாம் ஒவ்வொருவரும் நம் வீட்டுக் கசாயப் பானையை நினைத்துக்கொள்வது நல்லது.

பள்ளியின் மதர் அவளைக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்: "ஜூன் பதினேழாம் தேதி ஸ்கூல் திறக்கும் மகளே. அன்னிக்கு நீ போர்டுல எழுதணும். முடியலைன்னா வேற டீச்சரைத்தான் போடணும். பிள்ளைங்க கணக்கைக் காதால கேட்டுப் போட முடியாதே."

அந்த வாரமே லூயிசா துணி வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள். வாசற்காலைவிட்டு வெளியே வந்தபோது அவள் வலது கை ஒரு சாண் எழும்பியது. இரண்டு மாதமாகச் செத்துக் கிடந்த கை! அங்கேயே முழங்காலில் விழுந்து அழுதாள். இருபத்தொரு நாள் கழித்துக் கட்டை அவிழ்த்தால் கை முன்னைவிட இறுகியிருந்தது.

"தூக்கத்திலே அசைத்துவிட்டாய் தாயே" என்றார் சாமி.

இரண்டாம் கட்டு. அப்போது கை அரைச் சாண்தான் எழும்பியது. மூன்றாம் கட்டில் நாலு விரற்கடை. பதினாறு வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் இந்த ஒரு கணக்கை மட்டும் போடவில்லை. அதற்குப் பதிலாக, தெரிந்தவர்களையெல்லாம் சாமியிடம் அனுப்பினாள். அவளுடைய ரவிக்கைகளைத் தைக்கும் வலியுல்லா பாய்க்கு வலது தோள் பிடித்துக்கொண்டிருந்தது. அவரையும் கையோடு கூட்டிக்கொண்டு போனாள். அவரும் கட்டிக்கொண்டார். தையல் மெஷின் மூடிக் கிடந்தது.

மே மாதம் இரண்டாவது வாரம் லூயிசாவின் நாத்தனார் ஐவி வந்து சேர்ந்தாள். யுத்தத்தில் மூன்று வருஷம் ஒரு ராணுவ ஆஸ்பத்திரியில், காயம்பட்ட சிப்பாய்களுக்குக் கைகால் பயிற்சி கொடுக்கும் வார்டில் வேலை பார்த்தவள். யுத்தம் முடிந்தது, அவளையும் அனுப்பிவிட்டார்கள். தகரப் பெட்டியைக் கூடத்தில் வைத்தவள் அண்ணியைப் பார்த்தாள்.

"என்ன அண்ணி இது? கையை முறுக்குப் பொட்டலம் மாதிரி கட்டி வச்சிருக்கீங்க?"

"தொடாதே! இன்னும் பதினோரு நாள் இருக்கு."

"கட்டின கை இறுகிப் போகும் அண்ணி. எங்க வார்டுல வலிக்குதுன்னு அசைக்காம கிடந்தவனுக்குக் கரண்டி வாய்க்குப் போகாது. ஆட்டச் சொன்னா திட்டாத திட்டெல்லாம் என்னைத் திட்டுவான். ஆனா ஆட்டினவன் நடந்தே வீட்டுக்குப் போனான்."

"உனக்கு எல்லாம் கிண்டல். சாமி என் கையைத் தூக்கினாரு ஐவி. நான் தூக்கலை. தானா எழும்புச்சு. மாதா மேல சத்தியம்."

ஐவி கட்டைத் தொட நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். அண்ணி பொய் சத்தியம் செய்கிறவள் அல்ல.

"சரி, அந்தக் கையை நான் தொடலை. நல்ல கையில ஒரு பயிற்சி காட்டறேன். கட்டு அவுத்த பிறகு மறு கையில செய்யலாம். வாங்க இங்கே."

சமையற்கட்டு வாசலில் அவளை நிறுத்தினாள். "இடது புறங்கையை மரத்துல வச்சுத் தள்ளுங்க. கை நகர வேண்டாம், தசை மட்டும் வேலை செய்யட்டும். ஜெபமாலையில மூணு மணி சொல்ற வரைக்கும் விடாதீங்க."

லூயிசா தள்ளினாள். மூன்றாவது மணி முடியும்போது அடுப்பில் பால் பொங்கியது.

"ஐயோ, பாலு!" என்று ஓரடி முன்னால் வைத்தாள்.

வைத்தவள் அப்படியே நின்றாள். அவளுடைய இடது கை, யாரும் கேட்காமல், பக்கவாட்டில் மெல்ல எழும்பிக்கொண்டிருந்தது. இடுப்பு, மார்பு, தோள். பால் வழிந்து அடுப்பு சீறியது. இருவரில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"அண்ணி, நீங்களா தூக்கறீங்க?"

"இல்லையே!"

ஐவி வாசலில் நின்று தள்ளிப் பார்த்தாள். அவள் கையும் எழும்பியது. குளியலறை வாசலில் பார்த்தார்கள். எழும்பியது. பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் பார்த்தார்கள். அங்கேயும் எழும்பியது. செல்லரித்த அந்தச் சமையற்கட்டு வாசற்காலை லூயிசாவின் கணவன் பழைய சாமான் விலைக்கு வாங்கி வைத்திருந்தான். அதைத் தோமையார் தொட்டதில்லை, கரையான்தான் தொட்டிருந்தது.

"எதுக்கு இப்படி ஆகுதுன்னு எனக்கும் முழுசாத் தெரியலை அண்ணி" என்றாள் ஐவி. "ரொம்ப நேரம் தள்ளின தசை, விட்ட பிறகும் கொஞ்ச நேரம் தானா இழுக்குது போல. ஆனா ஒண்ணு தெரியுது. உங்க வலது கையும் அங்க எழும்பிச்சே, அது உங்க தசைதான். சாகலை. உயிரோட இருக்கேன்னு சொல்லியிருக்கு. அதைத்தான் நீங்க கட்டிப் போட்டுட்டு வந்திருக்கீங்க."

லூயிசா மாதா சுருபத்துக்கு முன்னால் போய் நின்றாள். ஆண்டவர் வைத்த அற்புதம் இத்தனை நாளும் அவள் தோளுக்குள்ளேயே இருந்திருக்கிறது. ஒருவன் அதற்கு ஒரு வாசலை நட்டுத் துணி வாங்கியிருக்கிறான். அவள் பல்லால் முடிச்சைக் கடித்து அவிழ்த்தாள்.

முதலில் அவள் நினைத்தது தன் கையை அல்ல.

"ஐவி, வலியுல்லா பாய் வீட்டுக்குப் போகணும். அவரைக் கெடுத்தது நான்தான்."

வெள்ளிக்கிழமை பாயையும் சேர்த்துக்கொண்டு மூவருமாகப் பஸ் ஏறினார்கள். கொட்டகையில் கூட்டம் நெரிந்தது. உடுக்கை முழங்கியது. ஒரு கிழவரின் கை அப்போதுதான் எழும்பி, கூட்டம் அலறி ஓய்ந்திருந்தது.

லூயிசா முன்னால் போனாள். வகுப்பில் பின்வரிசைக்குக் கேட்கிற குரல் அவளுக்கு உண்டு.

"சாமி, ஒரு சந்தேகம். இந்த மரத்துக்குத்தான் சக்தியா, எந்த மரத்துக்கும் உண்டா?"

"இந்த மரத்துக்குத்தான் தாயே. ஈரேழு உலகத்திலும் இது ஒன்றுதான்."

"நல்லது. துரைராஜ், இங்கே வாப்பா!"

பஸ்ஸுக்குக் கரி போட்டுக்கொண்டிருந்தார்கள். கண்டக்டர் படியில் சாய்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான்.

"இன்னா டீச்சர்மா?"

"உனக்குக் கைவலி உண்டா?"

"எனக்கு இன்னா வலி? கல்லு மாரி கீறேன்."

"பஸ் வாசல்ல நில்லு. ரெண்டு புறங்கையாலயும் ரெண்டு பக்கமும் தள்ளு. நான் நூறு எண்றேன்."

துரைராஜ் பீடியைப் பல்லில் கடித்துக்கொண்டு தள்ளினான். பஸ்ஸே உடைந்துவிடும்போலத் தள்ளினான். கூட்டம் கொட்டகையைவிட்டுப் பஸ் பக்கம் திரும்பியது. நூறு ஆனதும் லூயிசா "இறங்கு!" என்றாள். இறங்கினான். இரண்டு கைகளும் கழுகு சிறகு விரித்ததுபோல எழும்பின. பீடி வாயிலிருந்து விழுந்தது.

"அய்யோ! நான் தூக்கல! யம்மா, நான் தூக்கல!"

இப்போதாவது கூட்டம் யோசித்திருக்கும் என்று நினைக்கிறீர்களா? சாமி கையை உயர்த்தினார். "பார்த்தீர்களா! தினமும் இங்கே வந்து நின்று, பஸ்ஸுக்கும் அருள் ஏறிவிட்டது!"

உடனே ஒரு அம்மாள் பஸ்ஸின் விளக்குக்குக் குங்குமம் வைத்தாள். இன்னொருத்தி கரி உலையைச் சுற்றி வந்து கும்பிட்டாள். டிரைவர் எதற்கும் இருக்கட்டும் என்று செருப்பைக் கழற்றினார்.

ஐவிதான் குரல் கொடுத்தாள்.

"சரி, பஸ்ஸுலயும் தெய்வம் ஏறிடுச்சு. அதோ முனிசிபாலிட்டி கக்கூஸ் இருக்கே, அந்த வாசல்ல யாராவது போய்த் தள்ளிப் பாருங்க. அங்கேயும் கை எழும்பினா, தெய்வம் அங்கேயும் குடியிருக்குதான்னு சாமியே சொல்லட்டும்."

சிரிப்பு ஒன்று கிளம்பியது. நாலைந்து வாலிபர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். ஆளுக்கொரு வாசலில் நின்று தள்ளினார்கள். ஆற்றங்கரையே நூறு எண்ணியது. பிறகு, அந்தப் புனித ஸ்தலத்திலிருந்து ஐந்து பேர் வரிசையாக வெளியே வந்தார்கள். பத்துக் கைகளும் ஆகாயத்தைப் பார்த்து எழும்பின.

"இன்னா சாமி, இங்கியும் கீதா அருளு?" என்றான் ஒருவன்.

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சாமி சிரிக்கவில்லை. லூயிசாவும் சிரிக்கவில்லை.

"இன்னொரு கேள்வி. இதை உங்களைத்தான் கேக்கறேன்" என்று கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "மாசக்கணக்கா இங்கே கட்டிக்கிட்டுப் போறோம். கட்டு அவுத்த பிறகு, தன் கையைத் தானே தலைக்கு மேல தூக்க முடிஞ்சவங்க யாராவது இருந்தா, இப்போ தூக்குங்க."

நூற்றுக்கணக்கான பேர் நின்றார்கள். ஒருவர் பக்கத்திலிருப்பவரைப் பார்த்தார். அவர் அடுத்தவரைப் பார்த்தார்.

ஒரு கைகூட உயரவில்லை.

அந்த அமைதியில் வலியுல்லா பாய் வாசற்காலிடம் போனார். பையிலிருந்து கத்தரிக்கோலை இடது கையால் எடுத்து, அடிப்பக்கத்துக் காவியைச் சுரண்டினார். மஞ்சள் உதிர்ந்தது. உள்ளே தாரால் எழுதிய நம்பர் ஒன்று தெரிந்தது. சைதாப்பேட்டை மரவாடியில் ஒவ்வொரு கட்டைக்கும் போடுகிற நம்பர்.

"கப்பல்ல வந்த மரம்னு சொன்னீங்களே சாமி" என்றார் பாய் அமைதியாக. "கப்பல் மரவாடி வழியாவா வந்துச்சு?"

அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒருவன் சாமியின் ஜடையைப் பிடித்தான். அது கையோடு வந்தது. செந்தமிழும் கூடவே கழன்று விழுந்தது.

"அடிக்காதீங்க நைனா! என் பேரு கபாலி. நான் தச்சு வேலைக்காரன். மாம்பலத்துல ஒரு பங்களாவுக்கு நெலவாசல் வெச்சிக்கினு இருந்தோம். கொத்தனாரு கல்லு வெக்கிற வரிக்கும் நான் உள்ள நின்னு ரெண்டு பக்கமும் தள்ளிப் புட்ச்சிக்கினு இருந்தேன். வெளிய வந்தா கை தானா எழும்பிச்சி. நானே பயந்து பூட்டேன். பக்கத்துல இருந்த சித்தாளு கன்னத்துல போட்டுக்கினு கால்ல வுழுந்தா. அன்னிக்கே உளிய கீழ வெச்சிட்டேன்."

கும்பிட ஒருத்தி கிடைத்தாள். சாமி ஒருவர் பிறந்தார். சாமியார்களின் ஜாதகமெல்லாம் இவ்வளவுதான்.

நேற்றுவரை காலில் விழுந்தவர்கள்தான் இன்று முதலில் கல் எடுத்தார்கள். லூயிசா குறுக்கே போய் நின்றாள்.

"கல்லைக் கீழே போடுங்க. கூப்பிடாம வந்து விழுந்தது நாமதான். கட்டினவரே அவுத்து விடட்டும். எல்லாருக்கும்."

பொழுது சாயும்வரை கபாலி முடிச்சு அவிழ்த்தான். அவிழ்க்க அவிழ்க்கக் கைகள் மரக்கட்டைபோல மடங்கி நின்றன. தெய்வத்துக்கு வைத்த துணியில் பாதிதான் கொட்டகையின் பின்னால் இருந்தது. மீதியைத் தெய்வம் கள்ளமார்க்கெட்டில் விற்றுவிட்டிருந்தது. இருந்ததை அவரவருக்குப் பிரித்துக் கொடுத்தார்கள்.

பள்ளி திறக்க ஒரு மாதம் இருந்தது.

ஐவி கூடத்து உத்தரத்தில் ஒரு கிணற்று ராட்டினத்தை மாட்டினாள். கயிற்றின் ஒரு முனையை இடது கை கீழே இழுக்க, மறுமுனையைப் பிடித்த வலது கை மேலே போக வேண்டும். குனிந்து நின்று கையைக் கோயில் மணிபோல ஊசலாட விட வேண்டும். சுவரில் விரல்களால் பல்லிபோல ஏற வேண்டும். ஏறிய இடத்தில் தினமும் ஒரு சாக்பீஸ் கோடு. ஓர் ஆட்டத்துக்கு ஜெபமாலையில் ஒரு மணி.

"ஜெபத்தால கை எழும்புச்சா, ஆட்டினதாலயா?" என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள்.

"ஜெபம் எண்ணிக்கை வச்சுச்சு. கை வேலை செஞ்சுது" என்றாள் ஐவி.

வலித்தது. முதல் வாரம் லூயிசா அழுதாள். நாத்தனாரை ராட்சசி என்றாள். ராட்சசி வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். வலியுல்லா பாயும் தினம் வந்து அதே சுவரில் தன் கோட்டைப் போட்டுவிட்டுப் போனார். மூன்றாவது வாரம், திரும்பிக் கிடைத்த சிவப்புத் துணியில் உப்பு ஒத்தடத்துக்கு ஒரு சிறு பை தைத்து வந்தார். இரண்டு மாதத்துக்குப் பிறகு அவர் மெஷினில் தைத்த முதல் தையல் அது. கோணலாக இருந்தது. லூயிசா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஜூன் பதினேழு. மதர் வகுப்பு வாசலில் நின்றார். லூயிசா சாக்பீஸை எடுத்து வலது கையைத் தூக்கினாள். நெற்றி உயரம்வரை போனது. அதற்கு மேல் போகவில்லை. அங்கேயே தேதியை எழுதினாள். கீழே முதல் கணக்கை எழுதினாள். எழுத்து கொஞ்சம் நடுங்கியது. போர்டின் மேல்பாதி காலியாக இருந்தது. மதர் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, கதவை மெல்லச் சாத்திக்கொண்டு போனார்.

அன்று மாலை லூயிசா மாம்பலம் வழியாகப் போகிற அதே கரி பஸ்ஸில் ஏறினாள். துரைராஜ் டிக்கெட் கிழிக்க வந்தான்.

"கை எப்படிக் கீது டீச்சர்மா?"

"எழுதறேன்பா."

அவன் குனிந்து குரலைத் தாழ்த்தினான். "எங்க மாமியாருக்கு முட்டி மடங்கல. மாம்பலத்துல கால்நீட்டிச் சாமின்னு ஒருத்தர் வந்துகீறாராம். இட்டுக்கினு போலாமா?"

"கபாலியை மறந்துட்டியா? உன் கைதானே இதே பஸ்ல எழும்புச்சு?"

"அந்த ஆளு டுபாக்கூர் டீச்சர்மா. இவுரு வேற. இவுரு நெசம்."

லூயிசா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"துரைராஜ், உன் தலையை எத்தனை நாளா கட்டி வச்சிருக்கே?"

"தலையா? எனக்குத் தலையில ஒண்ணும் இல்லியே!"

"அவுத்துக் கொஞ்சம் ஆட்டிப் பாருப்பா. மொதல்ல வலிக்கும்."